காயோடு கொஞ்ச தூரம்

பரவை மார்க்கெட்டில்
பூசணி லாரியின் பின்கதவு திறந்தால்
மேலே காசிமாயன், கீழே நான்.
ஏழு கிலோ, ஒன்பது கிலோ,
அடிவயிற்றில் ஒட்டிய மண்ணோடு
ஒவ்வொன்றாய் வரும்.
பெரிய காய் என்றால் வீசுமுன்
“மூத்தவ வர்றா” என்பான்.

தடுத்து நிறுத்தப் பார்த்தால் மணிக்கட்டு போய்விடும்.
விறைத்த கையும் சுவரும் காய்க்கு ஒன்றுதான்.
விரல் தொட்ட நொடியே பின்வாங்கணும்:
நெஞ்சுக்கு நேரே வந்தது இடுப்புக்கு,
இடுப்பிலிருந்து முழங்காலுக்கு,
முழங்கால் மடங்கி
குதிகாலில் போய் முடியணும்.
உண்மையில் நாங்கள் காயைப் பிடிப்பதே இல்லை.
அது போகிற வழியில்
கொஞ்ச தூரம் கூடப் போகிறோம்.

வந்த வேகம் எப்படியும் செத்தாக வேண்டும்.
ஒரு இமைப்பில் செத்தால் இடி.
நாலு இமைப்பில் செத்தால்
மடியில் வந்து உட்காரும் பிள்ளை.
எடை குறையவில்லை,
லாரியின் உயரம் குறையவில்லை,
நேரத்தை மட்டும்
சவ்வு மிட்டாய் போல இழுத்துவிட்டோம்.

அன்றைக்கு விடிகாலை நாலே கால்.
தார்ப்பாய்க் கயிறு காலைச் சுற்றியிருந்ததை
அவனும் பார்க்கவில்லை,
நானும் பார்க்கவில்லை.
காய்க்காக நீட்டியிருந்த கைக்கு
இரண்டடி தள்ளி
அவன் வந்தான்.

வைக்கோல் இந்தப் பக்கம் கிடந்தது.
அந்தப் பக்கம்
போன மாசம் பூசிய சிமெண்ட் தளம்.
சிமெண்ட் யாரோடும்
ஒரு நூல்கூடக் கூடப் போகாது.

பெரியாஸ்பத்திரி வாசலில் ஆறு மணிக்கு
அவன் போனில் பவுன்தாயின் நம்பரைத் தேடினேன்.
‘வீடு’ என்று பதிந்து வைத்திருந்தான்.

“சின்ன அடிதான் தாயி. கால் பிசகிருச்சு.
பஸ் ஏறி வா.”

உசிலம்பட்டியில் ஏறிவிட்டாள்.
கருமாத்தூர் வந்தபோது
எலும்பு முறிந்திருக்கும் போல என்றேன்.
செக்கானூரணியில்
தலையிலும் லேசாகப் பட்டிருக்கு என்றேன்.
நாகமலையில் வேகத்தடை ஏறி இறங்கும் சத்தம்
போனுக்குள் கேட்டது, ரெண்டு தரம்.
அது அடங்கட்டும் என்று காத்திருந்து
இன்னும் நினைவு திரும்பலை என்றேன்.
ஒரு சாவை எடுத்து
நாற்பது கிலோமீட்டருக்கு நீட்டிக்கொண்டிருந்தேன்.
அடுத்த நிறுத்தத்துக்கு
என்னிடம் வார்த்தை இல்லை.

காளவாசலில் அவளே கூப்பிட்டாள்.
“குருவையாண்ணே, டீயாச்சும் குடிச்சியா?”

நான் பேசவில்லை.

“சின்ன அடின்னு சொல்றதுக்கு முந்தி
ஒரு மூச்சு இழுத்தியே,
அப்பவே தெரியும்ணே.
நீ ஒவ்வொண்ணா சொல்லி முடிக்கட்டும்னுதான்
உம் உம்னு கேட்டுக்கிட்டு வந்தேன்.
நின்னுக்கிட்டா இருக்க?
எங்கயாச்சும் உக்காரு. வந்துர்றேன்.”

முழங்கால் தானாக மடங்கியது.
செருப்புகள் கிடந்த படியில் உட்கார்ந்தேன்.
நான்தான் கீழே நின்று பிடிக்கிறேன் என்று
அதுவரை நினைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் லாரிக்கு
இரண்டு பக்கமும் வைக்கோல் போடுகிறேன்.
கட்டு நூற்றெண்பது ரூபாய்.
கமிஷன் கடைக்காரர் முகம் சுளித்துக்கொண்டே
அதைத் தேய்மானத்தில் எழுதுகிறார்.
மேலே நிற்கும் புதுப் பையன் நல்ல வேலைக்காரன்,
வீசும்போது ஒன்றும் பேசமாட்டான்.
பெரிய காய் அவன் கையை விட்டுக் கிளம்பும்போது
மூத்தவ வர்றா என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.
சொன்னால்தான்
கை பின்வாங்குகிறது.